கூடங்குளத்துக்குப் போன மதர்போர்டு

என் மகன் அறைக்குள் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருப்பான். கம்ப்யூட்டரில் ஏதாவது விளையாட்டு ஓடும். மைக்கை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு அந்த விளையாட்டை அவனே வர்ணிப்பான். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் கேட்க ஆளே இல்லாத வர்ணனை என்றால் எனக்கு எரிச்சல் வரும். கதவைத் தட்டாமல் திறந்து, "ஏலே, யார்ட்ட பேசுத?" என்பேன். "யார்ட்டயும் இல்லப்பா, சும்மா பதிஞ்சு வைக்குதேன்" என்பான். பதிந்ததை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆசை. இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும் என்று சொல்லிச் சொல்லியே ஒன்றைக்கூட ஏற்றாமல் சேர்த்து வைத்துவிட்டான்.

காய்ச்சலில் போனான். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும்போதே ஆள் பாதி இல்லை. இருபத்து நான்கு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு கிடையாது.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் அவன் அறையில் போய் அந்த மெஷினைப் போட்டேன். உள்ளே போக ஓர் எண் கேட்டது. நூல் ஆலையில் எனக்கு இருந்த டோக்கன் நம்பரைத்தான் அவன் வைத்திருந்தான். வெளியூரில் இருந்தபோது ஏதோ ஒரு ஃபைலை அனுப்பச் சொல்லிப் போனில் அந்த விஷயத்தைச் சொல்லியிருந்தான். நம்பரைத் தட்டினேன், திறந்தது. முதலில் கிடைத்த பதிவைச் சொடுக்கினேன். "இந்தா பைய வாரான் பாருங்க மக்கா, அங்கன சுவத்துக்குப் பின்னால ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், நம்மாளுக்குத் தெரியாது" என்று அவன் குரல் அறை முழுக்க வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு பதிவு கேட்பேன். உயிரோடு இருந்தபோது ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்காத பேச்சு. இப்போது ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அவனுடைய படங்கள் எங்களிடம் நிறைய உண்டு. குரல் என்று இருந்தது அந்த மெஷினில் மட்டும்தான். என் மனைவி அந்த அறைக்குள் வரவே மாட்டாள். அவளுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

சில மாதம் போனதும் மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அவன் பேசிக்கொண்டே இருப்பான், பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் ஓடும், மறுபடி அணையும். பாதிப் பேச்சில் அவன் நின்றுபோவதை என்னால் தாங்க முடியவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிட்டு அண்ணாச்சி" என்றார். "இதுக்குப் புதுசு இப்போ வரல. பழசு வாங்கினா என்னைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது. பேசாம வேற கம்பெனிக்கு மாறிருங்க. மதர்போர்டு, பிராசசர், ராம் எல்லாம் புதுசு போட்டுருவோம். டிஸ்க்கு மட்டும் இதே இருக்கட்டும்."

"இந்தப் பிராசசரையாவது புதுப் போர்டுல வைக்கலாம்லா?"

"இது காலு வேற, அது குழி வேற. உக்காராது."

டிஸ்க்கில் இருப்பதை இன்னொன்றில் காப்பி எடுத்து வைக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், அதைத் தொடவே தொடாதீர் என்று கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டேன். காப்பி எடுக்கிறவன் எடுத்தது சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பான். என் மகன் பேசுவதைக் கடையில் நிற்கிற நாலு பேர் கேட்டுச் சிரிப்பார்கள். அது எனக்கு வேண்டியதில்லை. மேலும் ஆலையில் நான் எலக்ட்ரிகல் ஃபிட்டராக இருந்தவன். மோட்டார் போனால் கழற்றிவிட்டு வேறு மோட்டார் மாட்டுவோம். எந்தக் கம்பெனி மோட்டாரானால் என்ன, கதிரில் சுற்றியிருக்கும் நூல் நூலாகத்தானே இருக்கும்? ஆயுசு முழுக்க அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் மோட்டாரை மாற்றியதால் நூல் காணாமல் போனதில்லை.

பழைய போர்டையும் பிராசசரையும் அவரே எடுத்துக்கொண்டார். புதிய மெஷினைப் பூட்டித் தந்து, டிஸ்க்கை வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரியாத வேலையா என்றார். தெரிந்த வேலைதான். ஆனால் அந்த வாரம் அவனுக்கு வருடத் திதி வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவன் அறையிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். திதி முடிந்தும் சில பேர் போகவில்லை. குற்றாலம், பாபநாசம் என்று சுற்றிவிட்டு வந்து சாப்பிட்டார்கள். துக்கத்துக்கு வந்த இடத்தில் அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரிக்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேருக்கு நடுவே அவன் குரலைப் போட மனமில்லாமல் மெஷினை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

கடைசி ஆளும் பஸ் ஏறிய பிறகு டிஸ்க்கை மாட்டிப் போட்டேன். டோக்கன் நம்பரைத் தட்ட விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திரை முழுக்க நீலமாக வந்து, சாவி எண்ணைக் கொடு என்று கேட்டது. கட்டம் மிக நீளம். டோக்கன் நம்பரை வைத்து அதில் ஒரு மூலையைக்கூட நிரப்ப முடியாது.

மூன்று நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் சாயங்காலம் என் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். "இன்னைக்கும் அவன் சத்தத்தக் காணுமே" என்றாள்.

"நீ கேப்பியா?" என்றேன்.

"அடுக்களையில சுவத்து ஓரமா உக்காந்து கேப்பேன். என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "எப்படியாவது எடுத்துருங்க. எனக்கு அது வேணும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு வேண்டும் என்று அவள் எதையும் கேட்டதில்லை. சேலைக்கடைக்குப் போனால்கூட நீங்களே பாத்து எடுங்க என்பாள்.

கடைக்காரர் நீலத் திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். இந்த மாதிரி மெஷின்கள் சிலது யாரையும் கேட்காமல் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். பூட்டைத் திறக்கிற சாவி பழைய போர்டுக்குள் இருக்கிற ஒரு ரகசிய இடத்தில் இருக்குமாம். தினமும் போடும்போது போர்டே டிஸ்க்கைத் திறந்துவிடும், அதனால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. போர்டு மாறினால் புதிய போர்டுக்கு டிஸ்க் யாரென்று தெரியாது. அப்போது சாவி எண்ணை நாம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரனைக் கேட்காமல் வீட்டைப் பூட்டுகிற அதிகாரத்தை இந்தப் பெட்டிக்கு எவன் கொடுத்தான் என்று கத்தினேன்.

"தம்பியோட ஆன்லைன் கணக்குல அந்த எண் இருக்கும் அண்ணாச்சி" என்றார். "கணக்கைத் திறக்க அவன் போன் நம்பருக்கு ஒரு கோடு நம்பர் வரும். அந்தப் போன் எங்க?"

போன் ஆற்றில் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் செத்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். காரியத்துக்குப் பாபநாசம் போகும்போது எடுத்துப் போய்த் தாமிரபரணியில் விட்டுவிடுவோம். ஆற்றில் துணி போடாதீர்கள் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டுக்குக் கீழே நின்றுதான் எல்லோரும் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம். அவன் இறந்த பிறகும் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விஷயம் தெரியாத சிநேகிதர்கள், கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிகள். மணி அடிக்கும்போதெல்லாம் என் மனைவி வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். காரியத்தன்று அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையில் போனைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அவளே படித்துறையில் இறங்கித் தண்ணீரில் விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. மணிச்சத்தம் நின்றதே என்றுதான் இருந்தது.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். ரீசார்ஜ் பண்ணாமல் கிடந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இந்தியில் ஒருவன் பேசினான். கடைக்காரர் தனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடினார். கோடு கேட்டால் எவன் சொல்வான்? எங்களைத் திருட்டுக் கும்பல் என்று நினைத்து வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை.

பாபநாசத்துக்குப் போய், ஆற்றிலிருந்து துணி எடுக்கிற ஆட்களையும் கேட்டேன். ஒருவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "எந்தச் சட்டைன்னு சொல்லுவீரு? ஒரு அமாவாசைக்கு எத்தன சட்டை தெரியுமா வே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. பழைய போர்டில் பழைய பிராசசரை வைத்து, இந்த டிஸ்க்கை மாட்டினால் முன்னைப்போலத் தானாகத் திறந்துகொள்ளும் என்றார் கடைக்காரர். போர்டில் இருக்கிற சாவியை அந்தப் பிராசசரால் மட்டும்தான் வாசிக்க முடியுமாம். பிராசசர் அவர் மேசை டிராயரில் கிடந்தது. போர்டு இல்லை. நான் திதிக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். போர்டில் கோளாறே இல்லை. கோளாறு மின்சாரம் கொடுக்கிற பெட்டியில். அதை மட்டும் மாற்றியிருந்தால் போதும். நல்ல போர்டு என்று தெரிந்ததும் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார், கூடங்குளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கு.

"அப்போ என் மெஷின்ல ஒண்ணுமே கெடலையா?" என்றேன்.

"தெரியாமப் போச்சு அண்ணாச்சி" என்று தரையைப் பார்த்தார். அவரை அடிக்கக் கை வந்தது. ஆலையில் ஒரு மெஷின் நின்றால் முதலில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்றுதான் பார்ப்போம். அவர் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் பார்க்கச் சொல்லத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் என்றதும் அது வேறு ஏதோ சாமி சமாச்சாரம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதனால் அடிக்கவில்லை.

கூடங்குளத்துக்கு நானும் வருவேன் என்று என் மனைவி கிளம்பிவிட்டாள். கடைக்காரருடைய காரில் போனோம். டிஸ்க்கைத் துண்டில் பொதிந்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

கடற்கரை ஓரம் சின்ன வீடு. அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் அங்கிருந்து தெரிந்தன. வாசலில் மாதா படம், உள்ளே ஒரு எம்பிராய்டரி மெஷின், பக்கத்தில் கம்ப்யூட்டர். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குச் சின்னம் போட்டுக் கொடுக்கிற பெண் அவள், முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கப்பலில் வேலை. அவளுடைய பழைய போர்டு உப்புக்காற்றில் அரித்துப்போக, பிராசசர் மட்டும் பிழைத்திருக்கிறது. அதற்குப் பொருந்துகிற போர்டாகத் தேடி எங்கள் போர்டை வாங்கியிருக்கிறாள். புருஷன் போனில் சொல்லச் சொல்லத் தானே மாட்டிவிட்டாள். இன்னும் ஒரு ஆர்டர் முடிக்க வேண்டியிருந்தும், விஷயத்தைக் கேட்டதும் ஓடிக்கொண்டிருந்த தையலை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். "எடுத்துக்கோங்க ஐயா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆகட்டும்" என்றாள்.

கடைக்காரர் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அவளிடம், "முதல்ல போட்டப்போ திரையில ஏதாவது கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு. வெள்ளை எழுத்துல. Y அமுக்கவா, N அமுக்கவான்னு. அவருகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பழைய பூட்டு விவரம் எதையோ அழிக்கணுமா, வச்சுக்கிடணுமான்னு கேக்குன்னாரு. நம்ம வீட்டுலதான் பழைய பூட்டு எதுவும் இல்லையே."

"எதை அமுக்கினீங்க?"

"Y தான்."

கடைக்காரர் திருப்புளியை மேசையில் வைத்துவிட்டார். அந்தப் பழைய பூட்டு விவரம்தான் எங்கள் சாவி என்று எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் மாட்டுங்கள் என்றேன். அவளுடைய பிராசசரை எடுத்துவிட்டு எங்களுடையதை வைத்தார், எங்கள் டிஸ்க்கை மாட்டினார், சுவிட்சைப் போட்டார். நான் அந்தச் சின்ன விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அறையில் கேட்ட அதே சத்தம்தான். பிறகு திரை நீலமாக வந்தது.

இனி எந்தப் போர்டிலும் திறக்காது என்றார் கடைக்காரர். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது, அவன் பேசியது எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது, திறக்கத்தான் முடியாது. அழிந்துபோயிற்று என்று சொல்லியிருந்தால்கூட ஆத்திரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எக்கா, எனக்குத் தெரியாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. அவள் இடத்தில் யார் இருந்தாலும் Y தான் அமுக்கியிருப்பார்கள், நான் முதல் ஆளாக அமுக்கியிருப்பேன். என் மனைவி அவள் தோளைத் தடவிவிட்டு, "நீ என்னம்மா செய்வ. போனை ஆத்துல விட்டது நான்" என்றாள். அந்தப் பெண் கொடுத்த கடுங்காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

கடைக்காரர் அவளுடைய கம்ப்யூட்டரைப் பழையபடி பூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரோடு திரும்பிப் போக எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று கிளம்பினோம். வள்ளியூரில் மாறினோம், திருநெல்வேலியில் மாறினோம். பாபநாசம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் சேரன்மகாதேவி வரும்போது பேசினாள்.

"நான் கூப்பிடுதது அதுல கேக்கும்லா?"

கேட்கும். எல்லாப் பதிவிலும் அல்ல, நாலைந்தில். அவன் மும்முரமாக வர்ணித்துக்கொண்டிருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களையிலிருந்து, ஏலே சாப்பிட வா என்று இவள் குரல் மெல்ல வரும். இவன் பேச்சை நிறுத்தி, வாரேம்மா என்பான். வர மாட்டான். திரும்பவும் கூப்பிடுவாள், திரும்பவும் வாரேம்மா. அந்த இடம் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அவள் காதில் விழுந்தால் உடைந்துபோவாள் என்று பயந்து, சரியாக அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

"அவன் வாரேம்மாங்குத இடம் வந்தா நீங்க சத்தத்தக் குறைச்சிருவிய" என்றாள். "அதக் கேக்கத்தான் நான் அங்கன உக்காருததே. சுவத்துல காத வச்சா லேசாக் கேக்கும். சில நாளு கேக்காது."

இத்தனை மாதம். தினமும் ஒரு பதிவு. அவளை உட்கார வைத்து, முழுச் சத்தத்தில் ஒரே ஒருமுறை போட்டுக் காட்டியிருக்கலாம். அவளுக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குத் தாங்காதுன்னுதான் குறைக்கியன்னு நெனச்சேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு உலை வைத்தாள். நான் டிஸ்க்கைத் துண்டோடு அவன் மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோறு வடித்து, குழம்பை இறக்கிவிட்டு, அடுக்களையில் நின்றபடியே அவள் குரல் கொடுத்தாள்.

"ஏலே, சாப்பிட வா."

அவன் போன பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவள் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.